நகத்தில் விழுந்த கோடு

"பேய் ராத்திரியிலதான் வரும்னு எவன் சொன்னான்?" என்று ஆரம்பித்தான் காசிநாதன். சுண்ணாம்புக்கல் ஏற்ற வந்த லாரிகள் வரிசையில் நகராமல் நின்றன. கரண்டும் இல்லை. டிரைவர்கள் நாலு பேர் ஒரே டயரில் சாய்ந்து, நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"பகல்ல வந்தா அதுக்கு வேர்க்காதாண்ணே?" என்றான் அஸ்லாம்.

"எங் கொழுந்தியா மாமனாருக்கு நடந்தது. கேட்டுட்டுச் சிரி."

மணி உச்சி பன்னிரண்டு. தொண்ணூற்றொன்பதாம் வருஷம், சித்திரை மாதம். செந்துறையைத் தாண்டி முந்திரிக்காட்டுக்குள் போகிற மண்பாதை. ஆள் இல்லை... காக்கை இல்லை... சருகு மட்டும் சைக்கிள் டயருக்கடியில் நொறுங்கியது. அந்த மாமனார், சாணை பிடிக்கிற அரியமுத்து, சாணைக்கல் பூட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். சுற்றுவட்டம் இருபது ஊர் அரிவாளும் அவர் கல்லில்தான் கூர் ஏறும்.

அன்றைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தது காட்டு முனியப்பன் கோயில் பூசாரி குழந்தைவேல். திருவிழாவுக்கு முதல் நாள், முனியப்பன் கையிலிருக்கும் வாளைச் சிலைக்கு முன்னாலேயே வைத்துத் தீட்ட வேண்டும். வழக்கமாக வருகிற ஆள் செத்துப்போனதால், அந்த வருஷம் அரியமுத்து.

சிலைக்கு முன்னால் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, சீட்டில் ஏறி மிதித்தார். கல் சுழன்றது. கிர்ர்ர்... இரும்பு கருகும் வாசனை. பொறி பறந்து முழங்கையில் விழுந்தது. சுடவில்லை. ஜில்லென்று இருந்தது...

சாணை முடிந்து, தரையில் உட்கார்ந்து எண்ணெய்க்கல்லில் பிசிறு எடுக்கத் தொடங்கினார். சர்க்... சர்க்...

"எலுமிச்சம்பழம் மறந்துட்டேங்க. ஓடிப்போயி எடுத்தாறேன்," என்றார் பூசாரி. "கூரு பழத்துலதான் பாக்கணும். ஒடம்புல மட்டும் பட்டுடக் கூடாது. பட்டா, அந்த ஒடம்பை முனியப்பனுக்கு எழுதிக் குடுத்த மாதிரி."

"முப்பது வருஷத் தொழிலுங்க. எனக்குத் தெரியாதா?"

பூசாரி போனார். அரியமுத்துவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓர் இலை அசையவில்லை. எழுந்தார். உட்கார்ந்தார். துடைத்த கல்லையே மறுபடி துடைத்தார். வாளைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். எந்த அலகானாலும் கடைசியில் இடது கட்டைவிரல் நகத்தில் நிறுத்திப் பார்ப்பார். வழுக்கினால் கூர் போதாது, கவ்வினால் பிடித்துவிட்டது. கைப்பழக்கம். அவர் நினைப்பதற்குள் கை வைத்துவிட்டது.

கவ்வியது.

ரத்தம் இல்லை. வலியும் இல்லை. நகத்தின் குறுக்கே தலைமுடி போல ஒரு கோடு. பின்னால் யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம்... திரும்பினார். சிலைதான்.

பூசாரி வந்து, பழத்தை வைத்து வாளை இறக்கினார். வழுக்கியது. மறுபடி இறக்கினார். தோல்கூடக் கீறவில்லை. பூசாரி நிமிர்ந்து பார்த்தார்.

"வேற எதையாச்சும் ருசி பாத்துடுச்சா? சொல்லிடுங்க. பொழுது சாயறதுக்குள்ள சொன்னா ஒரு சேவலோட போயிடும்."

அரியமுத்து கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார். சாணைக்காரனுக்கே கை தவறிவிட்டது என்றால் இருபது ஊரும் சிரிக்கும். அப்புறம் எவன் அரிவாளை நம்பித் தருவான்?

"இல்லீங்க."

நகம் வளர்ந்தால் கோடு நுனிக்கு வந்து வெட்டுப்பட்டுப் போகும் என்று இருந்தார். வாராவாரம் வெட்டினார். கோடு வெளியே வரவில்லை... உள்ளே போனது. மறு மாதம் நகத்தைத் தாண்டித் தோலில் கிடந்தது. ஆடியில் மணிக்கட்டு. சேவலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பூசாரி சட்டைக்கையை விலக்கிப் பார்த்தார். சேவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாங்க. இப்ப இதை வாங்கிக்காது. அது ஒங்க மேல கூரு பாத்துக்கிட்டே வருது."

காசிநாதன் நிறுத்தினான். தூரத்தில் ஏதோ லாரி புஸ்ஸென்று பிரேக் ஏர் விட்டது. ஒருவன் காலை இழுத்துக்கொண்டான்.

"ஆளு... இருக்காராண்ணே?" அஸ்லாம் இப்போது சிரிக்கவில்லை.

"இருக்காரு. கோடு முழங்கை ஏறி, தோள் ஏறி, இப்பக் கழுத்துல நிக்குது. போன மாசம் துண்டை எடுத்துக் காட்டுனாரு. சுத்தி வந்துடுச்சுடா... ரெண்டு முனையும் சேர ஒரு வெரக்கடைதான் பாக்கி."

அஸ்லாம் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"கெளம்பறப்ப, 'போயிட்டு வரேன் மாமா'ன்னு பின்னாலேருந்து சொன்னேன். தலையைத் திருப்பல. மொத்த ஒடம்போட திரும்புனாரு... மொள்ள... ரெண்டு கையாலயும் தலையைப் புடிச்சுக்கிட்டு."