துரையோட இடது காது

தலையைக் கொஞ்சம் இடது பக்கமா சாய்ங்க சார். இன்னும் கொஞ்சம். ஆங், போதும் போதும். இதே மாதிரிதான் அதுவும் தலையைச் சாய்ச்சுக்கிட்டே உக்காந்திருக்கு, பார்க்க முடியல. யாரா? முயல் சார். வீட்டுல வளர்க்கிற முயல். சிரிக்காதீங்க, கன்னம் ஆடுது, கையில கத்தி இருக்கு.

கடையில வேற ஆளும் இல்ல, கேளுங்களேன். கேக்காம எங்க போகப் போறீங்க, முகம் பூரா நுரை. யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு மண்டை வெடிச்சிடும் போல இருக்கு.

அதுக்குப் பேரு துரை. தட்டுல கீரையை வச்சா ஒரு தண்டை மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும். மனசுல என்ன பெரிய துரைன்னு நெனப்பான்னு ஒரு நாள் திட்டினேன். என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. அதையே பேரா வச்சுட்டா.

பொண்ணு ஆறாவது படிக்கிறா. நானும் அவ அம்மாவும் பிரிஞ்சாச்சு சார். அது பழைய கதை, அதுல இனிமே பேச ஒண்ணுமில்ல. பள்ளிக்கூட நாளெல்லாம் அவ அம்மாகிட்ட, வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்கிட்ட வருவா, ஞாயித்துக்கிழமை போயிடுவா. கோர்ட்ல அப்படித்தான் பேசி முடிச்சாங்க. துரையைப் பத்தி அங்க யாரும் வாயத் திறக்கல. அவளேதான் முடிவு பண்ணினா, நான் எங்க இருக்கேனோ அங்கதான் துரையும்னு. முதுகுல பை, கையில கூடை, கூடைக்குள்ள துரை. வாரா வாரம் இதே ஊர்வலம்தான்.

முதல்ல பின்னங்காலால காதைச் சொறிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. முயல்னா சொறியத்தானே செய்யும்னு விட்டுட்டேன். அப்புறம் தலையைப் படபடன்னு உதறும். கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா வலது காது நட்டுக்கிட்டு நிக்குது, இடது காது தொங்குது. அடடா, என்ன அழகு, என்ன அழகுன்னு ஊரே கொஞ்சுது சார்! என் பொண்ணு கூடப் படிக்கிற பசங்க போட்டோ எடுக்குறாங்க, மாடி வீட்டு அம்மா போட்டோ எடுக்குறாங்க, ஏன், நானே எடுத்தேன். வலி தாங்காம தொங்குற காது சார் அது. நான் நாள் பூரா காதைச் சுத்தித்தான் கத்தரி ஓட்டுறேன். காது மடல்ல ஒரு கொப்புளம் இருந்தாக்கூட ஆளு உக்காந்ததும் கண்ணுல படும். வீட்டுல இருக்கிற ஜீவனோட காதைத் தூக்கிப் பார்க்கணும்னு தோணிச்சா? தோணல. ஒரு நாள் மடியில வச்சிருந்தப்ப ஒரு நாத்தம். அழுகின வாடை. அப்பதான் விரிச்சுப் பார்த்தேன். இளஞ்சிவப்பா சுத்தமா இருக்க வேண்டிய இடம் செவசெவன்னு வீங்கி, உள்ள சீழ். முயலுக்கு வர்ற சீழ் தண்ணியா ஓடாது சார், பேஸ்ட் மாதிரி கெட்டியா இருக்கும். அதனால தானா வெளியவும் வராது.

உடனே ஆளாளுக்கு வைத்தியர் ஆயிட்டாங்க. பக்கத்துல சாவி போடுற கடைக்காரர், எண்ணெயைக் காய்ச்சி ஊத்துங்கன்னார். ஒருத்தர் இதே நாற்காலியில உக்காந்துக்கிட்டு, குச்சியில பஞ்சைச் சுத்தி நல்லாக் குடைஞ்சு எடுங்கன்னார். இன்னொருத்தர் அவர் நாய்க்கு வாங்கின பூச்சி மருந்தையே எடுத்துட்டு வந்து நீட்டினார். நல்லவேளை, போடல. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய் டாக்டரம்மாகிட்ட அதைச் சொன்னப்ப அவங்க முகம் மாறிடுச்சு. நாய்க்குப் போடுற சில மருந்து முயல் மேல பட்டா உயிரே போயிடுமாம். எண்ணெயும் கூடாது, குச்சியும் கூடாது. குச்சியை விட்டா அழுக்கு உள்ள தள்ளிக்கிட்டுப் போகும், காது ஜவ்வு கிழிஞ்சிடும்னு ஒரு பிடி பிடிச்சாங்க. நான் குடைஞ்ச மாதிரியே என்னைத் திட்டினாங்க. இருக்கட்டும்.

இந்தப் பக்கம் திரும்புங்க. அப்படியே.

விளக்கு வச்ச ஒரு சின்னக் குழாயை விட்டு உள்ள பார்த்தாங்க. கொஞ்சம் சீழை எடுத்து என்ன கிருமின்னு பார்க்க அனுப்பினாங்க. ஜவ்வு நல்லாத்தான் இருக்கு, சொட்டு மருந்துலயே சரியாகும், ஆனா காலையிலயும் சாயங்காலமும் விடாமப் போடணும், நல்லாயிட்ட மாதிரி தெரிஞ்சாலும் அவங்க சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாதுன்னாங்க. எப்படிப் பிடிக்கணும்னும் சொல்லிக் கொடுத்தாங்க. இது முக்கியம் சார், கவனிங்க. காதைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது. ஒரு கை நெஞ்சுக்குக் கீழ, ஒரு கை பின்பக்கத்துக்குக் கீழ. பின்னங்கால் ரெண்டையும் அந்தரத்துல விட்டா உதைக்கும், அது உதைக்கிற வேகத்துல அதோட முதுகெலும்பே முறிஞ்சிடும். அதனால துண்டு. உங்க கழுத்தைச் சுத்திக் கட்டியிருக்கேன் பாருங்க, அந்த மாதிரி, தலை மட்டும் வெளிய தெரியற மாதிரி சுத்தி, மடியில நம்ம வயித்தோட சேர்த்து அணைச்சுக்கணும். இறுக்கக் கூடாது, தளர விடவும் கூடாது. ஒருத்தர் அப்படிப் பிடிச்சுக்கிட்டா இன்னொருத்தர் மருந்தை விட்டு, காதோட அடியில மெதுவாத் தடவி விடணும். பாட்டிலைக் கொஞ்ச நேரம் கையில பொத்தி வச்சுக்கிட்டு அப்புறம் விடுங்க, சில்லுன்னு விழுந்தா துள்ளும்.

என்ன கேக்குறீங்க? கடிக்குமான்னா? பயந்தா கடிக்கும். உங்களுக்குத் தெரியாததா.

சரி, மருந்து வந்தாச்சு. என் வீட்டுல பிரச்சினையே இல்ல. நான் பிடிப்பேன், அவ விடுவா. ஞாயித்துக்கிழமை போறப்ப காது நல்லாவே இருக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை கூடையைத் திறந்தா மறுபடியும் நாத்தம்! மருந்து போட்டியாம்மான்னா, போட்டேன்பாங்கிறா. பாட்டிலைப் பார்த்தா மருந்து குறைஞ்சுதான் இருக்கு. எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. இங்க சரியாகுறது, அங்க கெடுறது. வாரா வாரம் இதே கூத்து.

அவ அம்மாவுக்குப் போன் பண்ணினேன். நாங்க பேசிக்கிறதே அபூர்வம் சார். முயல் காதுக்காகப் பேசினோம். எனக்கு ரோமம் பட்டா தும்மல் நிக்காதுன்னு உனக்குத் தெரியும், நான் எப்படிக் கிட்ட போறதுங்கிறா. வாஸ்தவம்தான், ஒரு தடவை தூக்கிட்டு கண்ணு ரெண்டும் வீங்கி உக்காந்திருந்தா. சரி, அந்த வீட்டுல இன்னொரு ஆள் இருக்காரே, அவருக்கென்ன கேடுன்னேன். அவரை இதுல இழுக்காதன்னு போனை வச்சுட்டா.

இழுக்காம? அவ இப்ப கட்டிக்கிட்டிருக்கிற மனுஷன் சார். ஆபீஸ் வேலையை வீட்டுல உக்காந்தே பார்க்கிறவராம். நாள் பூரா வீட்டுல இருக்கிற மனுஷனுக்கு ஒரு முயல் தலையைக் கோணிக்கிட்டு நிக்கிறது கண்ணுல படாதா? ஒரு சின்னப் பொண்ணு அதோட மல்லுக்கட்டுறது காதுல விழாதா? எனக்கு அந்த ஆளு மேல வந்த கோபம் இருக்கே, நேர்ல கிடைச்சா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாதுன்னு… ஏன் சார் நெளியறீங்க? தாடைக்கிட்ட இருக்கேன், ஆடாதீங்க. ஒண்ணும் ஆகாது.

போன சனிக்கிழமை தலை நல்லாவே சாஞ்சிடுச்சு. கீரையை எடுக்கப் போகுது, வாய் வேற பக்கம் போகுது. தூக்கிக்கிட்டு ஓடினோம். டாக்டரம்மா பார்த்துட்டு, நோய் உள்காது வரைக்கும் போகப் பார்க்குதுன்னாங்க. இன்னும் உள்ள போனா நிக்க முடியாம உருளும், திங்காது. முயல் ஒரு நாள் திங்கலைன்னாலே ஆபத்து. இப்பவே பிடிச்சா காப்பாத்தலாம், ஊசியும் போடுறேன், ஆனா வீட்டுல போடுற மருந்து இனிமே ஒரு வேளை கூடத் தப்பக் கூடாது, தப்பினா நான் பொறுப்பில்லைன்னு கறாரா சொல்லிட்டாங்க.

அப்புறம் துரையோட கழுத்தைத் தடவிப் பார்த்தாங்க. ரோமமெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. மருந்து காதுக்குள்ள போகவே இல்ல, எல்லாம் வெளியதான் வழிஞ்சிருக்கு. என் பொண்ணோட கையைக் காட்டச் சொன்னாங்க. சட்டைக் கையை மடிச்சா மணிக்கட்டுலேர்ந்து முழங்கை வரைக்கும் கீறல். அங்க யாரும்மா பிடிச்சுக்கிறாங்கன்னு கேட்டாங்க. நானேதான்னா. பிடிக்கிறதும் அவ, மருந்து விடுறதும் அவ. அரும்பாடு பட்டிருக்கா குழந்தை. பொய் சொல்லல சார், போட்டேன்னா போட்டுத்தான் இருக்கா.

வர்ற வழியில பஸ்ல கேட்டேன். ஏம்மா, அங்கதான் ஒருத்தர் இருக்காரே, கொஞ்சம் பிடிச்சுக்கங்கன்னு கேட்டா என்னன்னு. கூடையையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்படியே சொல்றா, அவர் தானா வந்து பிடிச்சுக்கட்டுமான்னுதான் கேட்டார்பா, நான்தான் வேணாம்னுட்டேன்னு. ஏன்னு கேட்டேன். துரையைப் பிடிக்கிறது உன் வேலைப்பா, அதையும் அவருக்குக் கொடுத்துட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்லங்கிறா.

கண்ணை மூடிக்கங்க சார், நுரை தெறிக்கும். இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல, தூசி.

அவ்வளவு நாளும் நான் யாரைத் திட்டிக்கிட்டு இருந்தேன் பாருங்க. எனக்காக அவ கையெல்லாம் கீறிக்கிட்டு, அந்த முயல் செத்தாலும் பரவாயில்லைன்னு… இல்ல, அப்படி நெனைக்கல, அவளுக்கு அது உயிரு. ரெண்டுல எதை விடுறதுன்னு தெரியாம நின்னிருக்கா. ஆறாவது படிக்கிற பொண்ணுக்கு இது தேவையா சார்? எனக்கு அவ மேல கோபப்படவும் முடியல, என் மேல கோபப்பட்டு என்ன ஆகப் போகுது. அதுல ஒண்ணும் தப்பில்லம்மா, கேளும்மான்னு சொன்னேன். சரிப்பான்னா. அந்த சரிப்பாவுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். கேக்க மாட்டா.

இல்ல, எந்திரிக்காதீங்க, அந்தக் கன்னம் பாக்கி இருக்கு. உக்காருங்க சார். கதவைத் திறந்தப்பவே நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். பள்ளிக்கூட விழாவுல ரெண்டு தடவை தூரத்துலேர்ந்து பார்த்திருக்கேன், அவ அம்மா பக்கத்துல உக்காந்திருந்தீங்க. வெறும் சேவிங்குக்காக யாரும் ரெண்டு பஸ் மாறி என் கடைக்கு வர மாட்டாங்க. நீங்களும் முயலைப் பத்திப் பேசத்தான் வந்திருப்பீங்க, எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நாற்காலியில உக்காந்துட்டீங்க. அதனாலதான் நானே ஆரம்பிச்சேன்.

இன்னிக்குச் சாயங்காலம் அவ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துண்டை எடுத்துக்கிட்டுப் போய் அவ முன்னாடி உக்காருங்க. பிடிக்கிறது நீங்க, மருந்து விடுறது அவ. மறுபடியும் வேணாம்னுதான் சொல்லுவா. பிடிச்சுக்கச் சொல்லி உங்க அப்பாதான் அனுப்பினார்னு சொல்லுங்க. அதைச் சொன்னாத்தான் துரையை உங்க மடியில வைப்பா.