காவல் குறைந்த நேரம்

அண்ணன்: ...தண்ணித் தொட்டி கழுவினியாடா?

தம்பி: கழுவியாச்சுண்ணே.

அண்ணன்: ப்ரஷ் போட்டியா, சும்மா பைப்பைக் காட்டினியா?

தம்பி: ப்ரஷ் போட்டுத்தான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே போன் வழியா தொட்டியை எட்டிப் பார்க்கிறியே, உன்னையெல்லாம் யாரு அட்மிட் பண்ணது?

அண்ணி: ஸ்பீக்கர்ல போடு தம்பி. ...என்னங்க, ஊசி போட்டாங்களா?

அண்ணன்: போட்டாங்க, போட்டாங்க. சுட்டி என்ன பண்றா?

அண்ணி: பொண்டாட்டி என்ன பண்றான்னு கேட்க வாய் வராதே.

அண்ணன்: நீ இன்னைக்குக் கன்னு போடப் போறதில்லையே!

தம்பி: படுக்கிறா, எழுந்திருக்கிறா. மடி கல்லு மாதிரி இருக்கு.

அண்ணன்: அப்ப இன்னைக்குத்தான். ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க...

தம்பி: பாடம் ஆரம்பம்.

அண்ணன்: சிரிக்காதே. கன்னு போடுற சமயத்துல மாட்டோட உடம்புல காவல் குறைஞ்சு போகும். தின்னுறதே கொஞ்சம், அதுலயும் சத்தெல்லாம் பாலுக்கு ஓடிடும். கிருமி வந்தா எதிர்த்து நிக்கத் தெம்பு இருக்காது. அந்த நேரம் பார்த்து ஈரத்தரை, வெக்கை, புது மாட்டைப் பக்கத்துல கட்டுறது, தீவனத்தை மாத்துறது... எது பண்ணாலும் மடி வீங்கும், நஞ்சுக்கொடி விழாது. எதையும் மாத்தாதீங்க. அதே இடம், அதே தீவனம், அதே குரல்.

அண்ணி: அந்தக் குரல்தான் அங்க படுத்துக் கிடக்கே.

அண்ணன்: என் கொட்டகைச் சட்டையை நீ மாட்டிக்கோ. அந்த வாசனை போதும் அவளுக்கு. இன்னொண்ணு... கொட்டகைக்குள்ள யாரும் கத்தக் கூடாது, அழக் கூடாது. மாடு மிரண்டா இருக்கிற காவலும் போச்சு.

அண்ணி: இப்ப யாரு அழப் போறா?

அண்ணன்: பொதுவா சொன்னேன்மா.

அண்ணி: மாட்டுக்கு இவ்வளவு பார்க்கிறீங்க. சர்க்கரை இருக்கிற உடம்புக்கும் காவல் குறைவுதான்னு டாக்டர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு. மண்வெட்டி கால்ல பட்ட அன்னைக்கே போயிருந்தா...

அண்ணன்: சின்னக் காயம்னு நினைச்சேன். விடு. போனைச் சுட்டிகிட்ட காட்டு. ஏய்... சுட்டி... ஹோய்...

தம்பி: காதைத் திருப்புறா!

அண்ணன்: திருப்புவா. பால் பீய்ச்சும்போது பின்னாடி இடது காம்பை மறந்துடாதீங்க. அது நம்ம தம்பி மாதிரி, எப்பவும் லேட்டு. வத்திடுச்சுன்னு நினைச்சு எழுந்துட்டா பால் கட்டிக்கும்.

தம்பி: அண்ணே!

அண்ணன்: சரி, சிஸ்டர் முறைக்கிறாங்க. வெச்சிடறேன்.

*

தம்பி: போன்ல யாரு அண்ணி?

அண்ணி: ராங் நம்பர்.

தம்பி: ரொம்ப நேரம் காதுல வெச்சிருந்தீங்களே...

அண்ணி: அவங்க பேசிக்கிட்டே இருந்தாங்க. ஃபேனை இப்படித் திருப்பு, அவளுக்கு மூச்சு வாங்குது.

தம்பி: புண்ணு விஷம் ரத்தத்துல ஏறிடுச்சுன்னு அண்ணனை ஐ.சி.யு.வுக்கு மாத்தினதா மத்தியானம் உங்க அண்ணன் சொன்னாரு. அதுக்கப்புறம் ஒரு தகவலும்...

அண்ணி: அங்கதானே இருக்காரு எங்க அண்ணன். ஏதாவதுன்னா சொல்லுவாரு. அந்த வைக்கோல் நனைஞ்சிருக்கு. எடுத்துட்டுக் காய்ஞ்சதாப் போடு.

தம்பி: இப்பத்தானே போட்டேன்.

அண்ணி: நனைஞ்சிருக்குன்னு சொல்றேன்ல!

தம்பி: சரி... சரி. ஏன் இப்படிச் சீறுறீங்க?

அண்ணி: ...சத்தம் போட்டுட்டேனா?

தம்பி: சுட்டியே திரும்பிப் பார்க்கிறா.

அண்ணி: இல்லடி, இல்ல. ஒண்ணுமில்ல. இந்தா, சட்டையை மோந்துக்கோ. ஒண்ணுமே மாறலை பாரு...

தம்பி: அண்ணி, பனிக்குடம் உடைஞ்சிடுச்சு!

அண்ணி: நல்லது. மாட்டு டாக்டரைக் கூப்பிடு.

தம்பி: கூப்பிட்டேன். வேற கொட்டகையில ஒரு மாடு எழுந்திருக்காமக் கிடக்குதாம். முடிச்சுட்டு வராராம். ...இருங்க, என் போன் அடிக்குது.

அண்ணி: யாரு?

தம்பி: தீ... தீவனக்கடைக்காரர். வெளிய போய்ப் பேசிட்டு வரேன், இங்க சிக்னல் இல்ல.

அண்ணி: போ.

*

அண்ணி: என்ன சொன்னாரு?

தம்பி: யாரு?

அண்ணி: தீவனக்கடைக்காரர்.

தம்பி: ம்... மூட்டை வரலையாம்.

அண்ணி: வராட்டிப் போகட்டும். பழசு இருக்கு. முகத்தைக் கழுவிட்டு வந்தியா?

தம்பி: வேர்த்துது.

அண்ணி: வாலைத் தூக்கிப் பிடி. ...ஒரு காலுதான் தெரியுது தம்பி.

தம்பி: மூக்கு?

அண்ணி: மூக்கு தெரியுது. இன்னொரு கால் மடங்கியிருக்கு.

தம்பி: கையை விட்டு எடுக்கணும். அண்ணன் இருந்தா...

அண்ணி: இருந்தா?

தம்பி: இங்க இருந்தா-ன்னு சொன்னேன். இங்க இருந்தா ஒரு நொடியில எடுத்திருப்பான்.

அண்ணி: ...ஆமா. எடுத்திருப்பாரு.

தம்பி: நான் விடறேன் கையை.

அண்ணி: தள்ளு, நான் விடறேன். என் கை சின்னது.

தம்பி: சோப்பு... சோப்பு போட்டு முழங்கை தாண்டிக் கழுவுங்க. நகத்துக்குள்ளயும். காவல் இல்லாத நேரம், நம்ம கை அழுக்கே போதும்...

அண்ணி: அப்படியே அவரு பேசுற மாதிரியே பேசுறடா.

தம்பி: தண்ணி ஊத்தறேன். கையை நீட்டுங்க.

அண்ணி: அவ தலைப் பக்கம் போய் நில்லு. பேசிக்கிட்டே இரு.

தம்பி: என்ன பேசறது?

அண்ணி: எதையாவது. அவரு என்ன பேசுவாரோ அதை.

தம்பி: ஏய் சுட்டி... ஹோய்... தொட்டியெல்லாம் ப்ரஷ் போட்டுக் கழுவியாச்சு... உங்க முதலாளி நாளைக்கு... நாளைக்கு வந்து பார்த்துட்டு...

அண்ணி: நிதானமா.

தம்பி: ஹோய் சுட்டி... அதே தீவனம்தான், எதையும் மாத்தலை...

அண்ணி: அப்படித்தான். ...முக்குறா. இப்ப தள்ளக் கூடாது, இரு... ஆங், இப்ப விட்டுட்டா. உள்ள தள்ளறேன்... முட்டி... குளம்பு கையில வந்துடுச்சு...

தம்பி: குளம்பை உள்ளங்கையால மூடிக்கோங்க. உள்ள கிழிச்சிடப் போகுது!

அண்ணி: மூடியிருக்கேன். வருது... வருது... வந்துடுச்சு! ரெண்டு காலும் நேராயிடுச்சு. வா, வந்து பிடி. அவ முக்கும்போது மட்டும் இழு. கீழ் நோக்கி.

தம்பி: சுட்டி, முக்குடி கண்ணு... இன்னும்... இன்னும்... அண்ணி, தலை!

அண்ணி: விடாதே!

தம்பி: வந்துடுச்சு... வந்துடுச்சு அண்ணி... மூச்சு? மூச்சு விடலையே!

அண்ணி: மூக்கைத் துடை. வைக்கோல் எடுத்து மூக்குல விடு. நான் முதுகைத் தேய்க்கறேன். ...மூச்சு விடு. மூச்சு விடு சாமி. நீயாவது...

தம்பி: தும்முது!

அண்ணி: தும்முதா?

தம்பி: தும்முது அண்ணி, தலையை ஆட்டுது! பொட்டைக் கன்னு.

அண்ணி: அவரு சொல்லிக்கிட்டே இருந்தாரு, பொட்டைதான்னு. ...தொப்புளுக்கு மருந்தை வை. சுட்டி நக்கட்டும், நீ குறுக்கே நிக்காதே.

தம்பி: அண்ணன்கிட்ட... அப்புறம் சொல்லிக்கலாம். தூங்கிட்டிருப்பான்.

அண்ணி: ம்... தூங்கட்டும்.

தம்பி: கொஞ்ச நேரம் உட்காருங்களேன். சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு.

அண்ணி: உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன். சீம்பால் பீய்ச்சணும். கன்னு காவலே இல்லாமத்தான் பிறக்குது, அம்மாகிட்ட இருந்து வாய் வழியாத்தான் வாங்கிக்கணும். லேட் பண்ணா வயிறு அதை வாங்கிக்காது. பாட்டிலை எடு.

தம்பி: இந்தாங்க. ...நஞ்சுக்கொடி?

அண்ணி: தொங்குது. தானா விழும். இழுக்காதே. விழுந்தாத்தான் எனக்கு மூச்சே வரும்.

தம்பி: பால் மஞ்சளா கெட்டியா இருக்கு.

அண்ணி: அப்படித்தான் இருக்கணும். கன்னு தலையைத் தூக்கிப் பிடி... பாரு, என்ன இழுப்பு இழுக்குது.

தம்பி: அண்ணி.

அண்ணி: பாட்டிலைச் சாய்க்காதே.

தம்பி: அண்ணி, நான் ஒண்ணு சொல்லணும். மாட்டு டாக்டர் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்... முடியலை.

அண்ணி: கன்னு குடிச்சு முடிக்கட்டும்.

தம்பி: போன்ல தீவனக்கடைக்காரர் இல்ல. உங்க அண்ணன். உங்ககிட்ட இப்ப சொல்லாதே, கன்னு வெளிய வரட்டும்னாரு... அண்ணன்... நம்ம அண்ணன்...

அண்ணி: தெரியும் தம்பி. எனக்கு வந்ததும் ராங் நம்பர் இல்ல, ஐ.சி.யு. சிஸ்டர். உனக்கு முன்னாடியே தெரியும். நம்மள்ல ஒருத்தராவது நிதானமா நிக்கட்டும்னு வாயைக் கட்டிக்கிட்டேன்... நீயும் அதையேதான் பண்ணிட்டு நின்னிருக்கே. இங்க வேணாம்டா, சுட்டி பார்க்கிறா. அழணும்னா வெளிய போய் அழு, நானும் வரேன்... இல்ல, இரு. என்னால இப்ப எழுந்திருக்க முடியாது. பின்னாடி இடது காம்பு பாக்கி இருக்கு. எப்பவும் போல லேட்டாத்தான் இறங்குது.