வெள்ளிக்கிழமை மட்டும் சைபர்

இல்ல ரீனா டீச்சர், நான் உக்காரல. நின்னுக்கிட்டே சொல்லிருதேன். உக்காந்தா அழுதுருவேன், அழுதா எனக்குப் பேச்சு வராது. அந்த ரிப்போட்ட மட்டும் இப்ப அனுப்பிராதிய, அல்லாவுக்காவண்டி. பரீஹாவப் பெத்தவ கேக்கேன், அஞ்சே நிமிசம்.

என்ன எழுதியிருக்கிய அதுல? காப்பி அடிச்சவள்னா? யா அல்லா! எம்பிள்ள கள்ளி இல்ல டீச்சர். நேத்து கணக்குப் போட்டிக்குன்னு அந்தச் செம்பூர் ஸ்கூல்ல கொண்டுபோயி தொடுற போர்டு முன்னால நிறுத்தினியள்ளா, வருசம் பூரா கணக்கு போடுற டேப்புல நீதான ஃபர்ஸ்ட்டு, போட்டுக் காட்டுன்னு. ஒரு மணி நேரமா கையக் கட்டிக்கிட்டு நின்னுருக்கா. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு பருக்க சோறு உள்ள போவல. அவ வாப்பா என்ன சொல்லுதாவ தெரியுமா? ஏழாங்கிளாஸ் வரைக்கும் படிச்சுக் கிழிச்சது போதும், நாளையிலேர்ந்து கார்கானாவுல உக்காந்து தோலுக்குப் பசை தடவட்டும்னு. அவுக சொன்னா சொன்னதுதான். இன்னைக்கு உங்க ரிப்போட்டும் அப்படிப் போச்சுன்னா நான் எந்த வாய வச்சித் தடுப்பேன், நீங்களே சொல்லுங்க.

உங்களக் குத்தம் சொல்லல டீச்சர். தாராவியில எத்தன ஸ்கூல்ல இப்படி ஒரு மேத்ஸ் ரூமு இருக்கு? ஆளுக்கொரு டேப்பு, சிலேட்டு கணக்கா, வீட்டுக்கே குடுத்து விடுதிய. போதாததுக்கு, வட்டத்த வெட்டி ஒட்டிப் படிங்கன்னு பை பையா காயிதம் வேற குடுத்திய. எவ குடுப்பா? பிள்ள அந்தப் பையக் கட்டிலுக்கு அடியில எறிஞ்சிட்டா, மழத்தண்ணி ஏறி நைஞ்சு போச்சி. பொறவு கார்கானாவுல கழிஞ்ச துண்டு கெடக்குமே, அதுல நாந்தான் வெட்டுனேன். தோலு நனஞ்சாலும் ஒண்ணும் ஆவாது பாத்துக்கிடுங்க.

நான் பர்சு வெட்டுறவ. ஒரு தோல்ல எத்தன பர்சு விழும், அட்டைய எப்படித் திருப்பி வச்சா கழிவு கொறையும்னு எங்கண்ணு சொல்லிரும். அதுக்குக் கணக்குன்னு பேரு இருக்குங்கதுதான் தெரியாது. ஊர்ல ஆறாப்புல சார்வாள் கேட்டாவ, மூணுல ஒண்ணு பெருசா, நாலுல ஒண்ணு பெருசான்னு. நாலுன்னேன். நாலுதான டீச்சர் பெருசு! வெரல் மொழியில ஸ்கேலால போட்டாவ பாருங்க, கிளாஸே சிரிச்சிச்சி. அன்னைக்கு ஸ்கூல விட்டு நின்னவதான்.

இந்த டேப்புல ஒரு ஆட்டம் இருக்குல்லா, வட்டத்த விரலால கிழிச்சி ஆளுக்குப் பங்கு வைக்கிறது? மூணு பேருக்கு வச்சா துண்டு இம்புட்டு. நாலாவது ஆளு வந்து நின்னான்னா துண்டு தன்னால சின்னதாப் போவுது. தப்பாப் போட்டாலும் ஏசல, அடிக்கல, இன்னொருக்க பாருன்னுதான் சொல்லுது. எனக்கு மொதல்ல சிரிப்பாணி வந்துட்டு. பொறவு அழுகையா வந்துட்டு, எதுக்குன்னே தெரியல.

எனக்கான்னா கேக்கிய? ஆமா. இருங்க டீச்சர், அதத்தான சொல்ல வாரேன்.

உங்க கம்பியூட்டர்ல பரீஹா கணக்கு நாள்வாரியா கெடக்கும்லா, அதத் தொறங்க. வெள்ளிக்கிழம மட்டும் பாருங்க. சைபரா? அதுக்கு முந்துன வெள்ளி? ஆங். கீழ போயிக்கிட்டே இருங்க, எல்லா வெள்ளியும் சைபர்தான். இப்ப மத்த நாள்ல மார்க்கு ஏறுன நேரத்தப் பாருங்க. அஞ்சு மணிக்கு மேல, ஆறரைக்குள்ள. அஸர் தொழுத பொறவு பிள்ள மதரசாவுக்கு ஓதப் போயிருவா, பொழுதடைஞ்சி மஃரிபுக்குத்தான் திரும்புவா. வெள்ளிக்கிழம மதரசா லீவு. அன்னைக்கு டேப்பு அவ கையில, பாட்டு பாப்பா.

அவ வீட்ல இல்லாத நேரத்துல ஏறுனதுதான் டீச்சர் அம்புட்டும். நாந்தான் போட்டேன்.

மார்க்கு பிள்ள பேர்லதான ஏறுது, அவளுக்கு நல்லதுதானன்னு இருந்துட்டேன். வாயத் தொறக்காத பிள்ள, கூச்சம்னு நீங்களும் நெனச்சிட்டிய. ஸ்கூலு மொத்தத்துக்கும் முன்னால அவளுக்குக் கைதட்டுனியளே, அன்னைக்கே ஓடிவந்து சொல்லியிருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்திச்சி. சொன்னா டேப்ப வாங்கிருவியளேன்னு முழுங்கிட்டேன். பெத்த பிள்ளைய விட அந்த ஒண்ணர மணி நேரம் எனக்குப் பெருசாப் போச்சி. செருப்பக் கழத்தி அடிங்க, வாங்கிக்கிடுதேன்.

அவளுக்குத் தெரியுமான்னா? தெரியும். ஒருநா மழையில மதரசா விட்டுட்டுன்னு பாதியிலயே வந்தவ பாத்துட்டா. நீ ஆடும்மா, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னா. நேத்து அத்தன பேரு சுத்தி நின்னு கேட்டும் சொல்லல பாத்தியளா, பாவி மவ.

நம்பலயா? ஆறாப்புல நின்னவ எப்படிப் போட்டாங்கியளா? நியாயந்தான். கேளுங்க, எத வேணாலும் கேளுங்க. மூணுல ஒண்ணும் நாலுல ஒண்ணும் சேத்தாவா?

பன்னெண்டுல ஏழு. தோலப் பன்னெண்டு துண்டா வெட்டி வச்சிப் பாத்தாத் தெரிஞ்சிரும் டீச்சர்.

அந்த ரிப்போட்ல அவ பேர அடிச்சிட்டு எம்பேர எழுதுங்க. ஹாஃபிஸா. இந்தாங்க டேப்பு, துடச்சிக் கொண்டாந்திருக்கேன், சார்ஜும் இருக்கு. ஆறாவது லெவலு நாளைக்குத் தொறக்கும்னு போட்டிருந்திச்சி. போவட்டும். பிள்ள வாசல்ல செருப்பு விட்ட எடத்துல நிக்கா. உள்ள கூப்புட்டு, நீ காப்பி அடிக்கலன்னு உங்க வாயால ஒருக்க சொல்லிருங்க. நான் வெளிய நிக்கேன்.