இஸ்திரி போட்ட காகிதங்கள்

நனைந்த காகிதத்தை அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது, ஐயா. முதலில் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். அரை ஈரத்தில், மேலே மெல்லிய துணி போட்டு, இளஞ்சூட்டில் தேய்த்தால் ஓர் எழுத்துகூட அழியாது. இந்த முகாமின் சலவைக் கூடத்தை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவன் சொல்கிறேன்.

சிப்பாய்களுக்குப் பையைக் காலி செய்துவிட்டுத் துணி போடும் பழக்கமே கிடையாது. சீப்பு, சாவி, காதல் கடிதம் எல்லாம் சேர்ந்தே வரும். கிடைத்ததை ஓர் உறையில் போட்டு, சீருடை எண்ணை எழுதி, கையெழுத்துப் போட்டு, மடித்த துணியின் மேல் வைத்துத் திருப்பித் தருவேன். பயிற்சி சார்ஜென்டின் அலமாரியில் நீங்கள் எடுத்த உறைகளில் இருப்பது என் கையெழுத்துதான். சந்தேகமாக எது கிடைத்தாலும் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று சுவரில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

ஒரு தடவை கொடுத்தேன். மூன்று வருஷம் இருக்கும். ஒரு பையனின் காற்சட்டையில் வெறும் எண்களாக எழுதிய சீட்டு. விசாரித்தால், அது ஊரில் இருக்கும் தம்பி தங்கைகளின் செருப்பு அளவு. பாதுகாப்பு அதிகாரி அதை அறையில் இருந்த அத்தனை பேருக்கும் படித்துக் காட்டினார். "உமக்கு எதுக்குய்யா இந்த வேலையெல்லாம்? போய்த் துணியைப் பாரும்" என்றார். அன்றிலிருந்து எனக்குப் பெயரே உளவுத்துறை. உணவுக்கூடத்துக்குப் போனால், "உளவுத்துறை வந்தாச்சு, வாயை மூடுங்கப்பா" என்பான் ரொட்டிக்காரன். பன்னிரண்டு வருஷ சிநேகிதன். எனக்குப் பிடிக்கும் என்று மொறுமொறுப்பான ஓரத்தை எடுத்து வைப்பவன். அவனும் சிரித்தான். உள்ளுக்குள் எனக்கு எரிந்தது.

சிரிக்காதவன் பயிற்சி சார்ஜென்ட் ஒருவன்தான். அவன் பையில் முதலில் வந்தது ஒரு துண்டறிக்கை. வெளி மாகாணப் பையன்களைப் படையில் சேர்த்ததால் படையே கெட்டுவிட்டது, அவர்களைக் களையெடுக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. தேய்த்து உறையில் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் உறையோடு வந்து நின்றான்.

"அண்ணே, படிச்சீங்களா?"

"ஈரக் காகிதத்தை எவன் படிப்பான்?"

உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "அழகா தேய்ச்சிருக்கீங்க" என்றான்.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் ஏதாவது வந்தது. வேண்டுமென்றே விட்டு வைக்கிறான் என்று எனக்குப் புரியாமல் இல்லை. எல்லாரையும் சந்தேகப்பட்டவன் அவன். கூட்டாளி இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பான். என்னை மட்டும் நம்பினான். இந்த முகாமில் என்னை நம்பிய முதல் ஆள்.

நீங்கள் என்னை மட்டும் கேட்பது நியாயமா என்று யோசியுங்கள். அந்த வெளி மாகாணப் பையன்கள் உட்கார்ந்த வரிசையில் அவன் தட்டு வைக்க மாட்டான். வெயிலில் மயங்கி விழும் வரை அவர்களை ஓட விட்டான். புகார் மேலே போனது, போன வேகத்தில் கீழே வந்தது. அவனுடைய அறைத் தோழன் பயந்துபோய் வேறு அறை கேட்டு வாங்கிக்கொண்டான். எல்லாருக்கும் கண் இருந்தது, ஐயா.

போன மாதம் தன் மேலங்கியைக் கொண்டுவந்தான். "உள்பக்கம் ரெண்டு பை வேணும்ணே. நீளமா, கனம் தாங்குற மாதிரி." எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். நான் தைத்தது என்றைக்கும் பிரிந்ததில்லை.

திங்கட்கிழமை வந்தது ஒரு வரைபடம். உணவுக்கூடம், ஆறு வரிசைப் பெஞ்சு, பின்கதவில் ஒரு பெருக்கல் குறி. மூன்றாவது வரிசையைச் சுற்றி ஒரு வட்டம். மேலே 'செவ்வாய், ஏழரை' என்று எழுதியிருந்தது. மூன்றாவது வரிசை அந்தப் பையன்களுடையது. ஓரம் சுருங்கியிருந்ததால் இன்னொரு தடவை தேய்த்தேன்.

சாயங்காலம் மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். உணவுக்கூடத்தில் பரிமாறும் வேலை அவருக்கு.

"மாப்பிள்ளை, நாளைக்குக் காலையில ஒரு ஒத்தாசை பண்ணுங்க. திரைச்சீலையெல்லாம் தேய்க்காம மலை மாதிரி கிடக்கு."

"காலையில எனக்கு மூணாவது வரிசை ஆச்சே மாமா."

"ரொட்டிக்காரன்கிட்ட மாத்திக்குங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க."

ரொட்டிக்காரன் உடனே சரி என்றானாம். "உளவுத்துறையே கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்று சிரித்தானாம்.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்குச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கையிலிருந்த திரைச்சீலையைக் கீழே போட்டுவிட்டார். "என்ன சத்தம் மாமா?" என்றார். கையில் இருக்கும் வேலையை முடிக்கச் சொன்னேன். சார்ஜென்டை அங்கேயே சுட்டுவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் ஒன்பது பையன்களும் ரொட்டிக்காரனும் செத்துப்போயிருந்தார்கள்.

உங்கள் ஆட்கள் இரண்டு நாள் என்னைக் கேள்வி கேட்டார்கள். ஒருவருக்கும் கேட்கத் தோன்றாததை என் மகள் வாசலில் நின்றே கேட்டாள். "அப்பா, அன்னிக்கு அவர் தேய்ச்ச திரைச்சீலை எல்லாம் ஏற்கெனவே தேய்ச்சு மடிச்சு வெச்சதாமே. எதுக்கு அவரைக் கூப்பிட்டீங்க?" உள்ளே வராமலே போய்விட்டாள். அதற்குப் பிறகு பேத்தியை என் வீட்டுக்கு அனுப்புவதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அதனால்தான் நானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காகிதத்தையும் படித்தேன். பை எதற்கென்று தெரிந்தே தைத்தேன். வரைபடத்தைப் பார்த்ததும், பாதுகாப்பு அதிகாரி இனி எப்படிச் சிரிப்பார் என்றுதான் முதலில் நினைத்தேன். மாப்பிள்ளை ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஐயா. அத்தனை பேர் இருந்த முகாமில், அந்த மூன்றாவது வரிசையிலிருந்து ஓர் உயிரைக் காப்பாற்றியவன் நான் ஒருவன்தான். அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள். என் மகள் படிப்பாள்.