தீபரேகா உல்லாசப் படகு அல்ல

தலைமை வகிக்கும் இரும்புக்கடை ஆறுமுகநயினார் அவர்களே, மேடையிலிருக்கும் சங்க நிர்வாகிகளே, சாலைக் கடைத்தெருவிலும் ஆரியசாலையிலும் கடையடைத்து வந்திருக்கும் வியாபாரிகளே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நிற்கும் விழிஞத்து வள்ளக்காரர்களே, ஸ்ராங்கின் துணைவியார் மாடம்மாள் அம்மா அவர்களே!

எனக்கு முன் பேசியவர்கள் எல்லாரும் தீபரேகாவை ஓட்டிய ஸ்ராங்கு தாணுமாலையனைத் தங்கமான மனிதர் என்றார்கள். உயிரோடு இருந்தபோது என்ன சொன்னீர்கள்? மண்டைக்கனம் பிடித்தவன் என்றீர்கள்! பக்கத்து வீட்டு வாத்தியார் நான், என் காதுபடவே சொன்னீர்கள்.

தீபரேகா துறைமுக இலாகாவின் சின்னக் கப்பல். பாறை இருக்கும் இடத்தைக் காட்டும் மிதவைகளைக் கவனிப்பதுதான் அதன் வேலை. வருஷந்தோறும் மிதவையைத் தூக்கிக் கப்பல் தட்டில் போட்டு, சிப்பியைச் சுரண்டி, சங்கிலி பார்த்து, சாயம் பூசி இறக்க வேண்டும். சரி, மிதவை தட்டில் கிடக்கும்போது பாறைக்கு அடையாளம் எது? வாத்தியார் வெளியே போனால் வகுப்பில் மானிட்டர் எழுந்து நிற்பான் இல்லையா? அப்படித்தான் தாணுமாலையன் கப்பலையே அங்கே நிறுத்தினார். சாயம் காயும்வரை அசையமாட்டார்.

அப்படி நின்ற ஒரு நாள்தான், தலைவர் அவர்களே, நீங்கள் வள்ளம் பிடித்துப் போனீர்கள். நானும் கூட இருந்தேன்.

“ஓய் ஸ்ராங்கு! என் சம்பந்திமாரு இந்தக் கப்பல்ல ஏறிக் கடல் பாக்கக் கரையில காத்து நிக்காங்க. நீரு சாயம் காயவச்சிட்டு இருக்கீரா?”

“அண்ணாச்சி, நான் நகந்தா கல்லு எங்க கெடக்குன்னு வள்ளக்காரனுக்கு யாரு காட்டுவா? ஒம்ம சம்பந்தியைக் கொண்டாரும், இங்கன மிதக்கவிடுதேன்!”

வள்ளத்தில் துடுப்புப் போட்டவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. இன்றுவரை சிரிக்கவில்லை! அன்று சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, அந்தக் கப்பலின் விளக்கைப் பார்த்துப் பாறையை விலக்கித் திரும்பிய வள்ளங்கள் எத்தனை? பின்னால் நிற்பவர்களைக் கேளுங்கள்!

இப்போது உங்கள் இரங்கல் தீர்மானத்தின் கடைசி வரி என்ன? தீபரேகாவை உல்லாசப் படகாக்கி, அதற்கு அவர் பெயரையே சூட்ட வேண்டுமாம்! வாழ்நாளெல்லாம் எதை மறுத்தாரோ, செத்த பிறகு அதன் நெற்றியிலேயே அவர் பெயரா? இதற்குப் பெயர் அஞ்சலியா? பழிவாங்கல்! அவர் போன நாளிலிருந்து கப்பல் கரையில் கட்டிக் கிடக்கிறது. அடுத்த மழைக்குள் மிதவைச் சங்கிலியை யார் பார்ப்பது? உங்கள் சம்பந்தியா?

தாணுமாலையன் அவர்களே! உங்கள் இடத்துக்கு இன்னொரு ஸ்ராங்கு வந்து, தீபரேகா மறுபடி மிதவைக்குப் போகும்வரை, இந்த வள்ளக்காரர்களோடு துறைமுக ஆபீஸ் வாசலில் நிற்பேன். இது என் வாக்கு.

தலைவர் அவர்களே, அந்த வரியை அடியுங்கள். மௌன அஞ்சலிக்கு எல்லாரையும் எழச் சொல்வீர்கள். அது அடிபடும்வரை நான் எழமாட்டேன். அதோ, மாடம்மாள் அம்மாவும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்.