மேட்டுக் குழியில் மாதா பதக்கம்

தேநீரைக் குடி, க்ரான்யா, ஆறிப்போகும். அருங்காட்சியகத்திலிருந்து தோண்ட வந்தவர்களில் நீ ஒருத்திதான் பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருகிறாய். அதனால் உன்னிடம் சொல்லலாம்.

எங்கள் வயல் நடுவே இருக்கும் வட்ட மேட்டை ஆயிரம் வருஷத்துக் குடியிருப்பு என்கிறாய். இருக்கட்டும். எங்களுக்கு அது ஞானஸ்நானம் பெறாமல் செத்த சிசுக்களைப் புதைக்கிற இடம். அதுகளுக்கு மோட்சம் இல்லை என்று கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாமியார் விடமாட்டார். தகப்பன்தான் பெட்டியைச் சுமந்துபோய்ப் புதைத்து, மேலே வெள்ளைக் கல் வைத்துவிட்டு வருவான்.

பதினெட்டுக் குழியில் ஒன்றில் மட்டும் மாதா பதக்கம் கிடைத்தது என்றாய். "ஞானஸ்நானம் வாங்கின புள்ளைக்குத்தானே இதப் போடுவாங்க, டீலியாம்மா? இது எப்படி அங்க போச்சு?" என்று கேட்டாய். கெட்டிக்காரி.

என் தம்பி மலாக்கிக்காக இந்த வீட்டில் இருபது வருஷம் ஓடாய்த் தேய்ந்தேன். பெண் கேட்டு வந்தவனையும் அவனுக்காகத்தான் திருப்பி அனுப்பினேன். நாற்பது வயதில் அவன் நூலாவைக் கட்டிக்கொண்டு வந்தான். நல்ல பெண்தான், அவள் சுடும் ரொட்டிதான் கல். அவளுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, கஞ்சியைக் கிண்டிக்கொண்டே மலாக்கி சொன்னான்: "புள்ள வந்தா உன் ரூம் வேணும்க்கா. நீ பாஸ்டன்ல சித்தி வீட்டுக்குப் போயிடேன்."

நாய்க்குக்கூட இந்த அடுப்படியில் இடம் இருந்தது.

பிரசவத்தன்று ஆற்றில் வெள்ளம். மருத்துவச்சியைக் கூட்டிவர மலாக்கி போயிருந்தான். ஆண் பிள்ளை, செக்கச்செவேலென்று இருந்தான். நூலா அரை மயக்கத்தில் கிடந்தாள்.

"அழுத மாதிரி கேட்டுச்சேக்கா?"

"ஆட்டுக்குட்டி," என்றேன்.

நான் காட்டுமிராண்டி இல்லை. ஆபத்துக் காலத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், பிள்ளைக்கு உயிர் இருந்தால் போதும். நெற்றியில் தண்ணீர் ஊற்றிக் கோல்மன் என்று பெயர் வைத்தேன். என் கழுத்துப் பதக்கத்தை அவனுக்குப் போட்டேன். அதற்குப் பிறகுதான் தலையணை.

செத்துப் பிறந்தது என்று சொல்லித் துணியில் சுற்றிக் கொடுத்தேன். மலாக்கி பிரித்துப் பார்க்கவில்லை. பிறகு அவர்களுக்குப் பிள்ளையே இல்லை. பாஸ்டன் பேச்சும் எழவில்லை.

அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. நூலாவைத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. நாற்பத்து நான்கு வருஷமாக மழையிலும் அந்த மேட்டுக்குப் போய், "எம்புள்ள கடவுள் முகத்தப் பாக்காம இருட்டுல கெடக்கானே" என்று அழுகிறாள். பிள்ளை மோட்சத்தில் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடங்கிவிடுவாள். ஆனால் அதைச் சொன்னால், அவன் உயிரோடு பிறந்ததையும் சொல்ல வேண்டும்.

பதக்கத்தை அவள் கண்ணில் காட்டிவிடாதே. பெற்ற வயிறு தாங்காது. அவளிடம் போய் அதைச் சொல்லுமளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.