மூன்றாவது கண்ணாடி

உங்கள் மேஜை விளக்கு கண்ணைக் குத்தவே இல்லை, டாக்டர். பார்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். இந்த மாதிரி விஷயங்கள் என் கண்ணில் உடனே படும்.

என் மனைவி கண்ணில் ஒரு குறையும் தெரியவில்லை, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்கலாம் என்றீர்கள். ஊசி வேண்டாம். காரணம் எனக்குத் தெரியும். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு வந்ததே அதைச் சொல்லத்தான்.

அவள் டவுன் பஸ் ஓட்டுகிறவள். சாயங்காலம் சேர்ந்து விளையாட ஏதாவது இருக்கட்டும் என்று, கடைகளில் காசு போட்டு நின்றபடி ஆடுவோமே, அந்த மாதிரி ஒரு வீடியோ கேம் பெட்டியை வீட்டிலேயே செய்தேன். பலகை அறுத்ததிலிருந்து வயர் இழுத்தது வரை நானேதான். உள்ளே வைத்தது பழைய டிவி. அதன் விளிம்பு அசிங்கமாகத் தெரிந்தது. முன்னால் புகைநிறக் கண்ணாடி போட்டால் விளிம்பு மறையும், படமும் எடுப்பாக இருக்கும்.

கண்ணாடிக் கடைக்காரர் இளம் நிறம், அதைவிட அடர்த்தி, நல்ல கருப்பு என்று மூன்று வெட்டிக் கொடுத்தார். "வீட்ல வெச்சுப் பாத்து ஒண்ண எடுத்துக்குங்க. ரொம்ப கருப்பா போனா ஒண்ணும் தெரியாது" என்றார். நான் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். இளம் நிறத்தைப் பொருத்தினேன். தினமும் அவள்தான் ஜெயிப்பாள். ஜெயித்தால் என் தலையில் செல்லமாக ஒரு குட்டு.

அப்போதுதான் அவளுக்கு வெளியூர் பஸ் கிடைத்தது. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டாள். ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன்.

ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது இரண்டாவது கண்ணாடியைப் பொருத்திப் பார்த்தேன். சும்மாதான். அவள் வந்து ஆடினாள், தோற்றாள், கண்ணைக் கசக்கினாள்.

"என்னங்க, இன்னைக்கு மங்கலா இருக்கு?"

கண்ணாடியை மாற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "எனக்கு நல்லாத்தானே தெரியுது."

அவள் முகம் சுருங்கியது. அன்று வெளியூர் பஸ்ஸைப் பற்றி அவள் பேசவே இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நன்றாகத் தூங்கினேன்.

கொஞ்ச நாள் கழித்து மூன்றாவதைப் போட்டேன். அதில் எனக்கே ஒன்றும் தெரியவில்லை. ஆட்டம் மனப்பாடம் என்பதால் சமாளித்தேன். அவள் திரையில் மூக்கு முட்டுகிற மாதிரி நின்று ஆடினாள். வெளியூர் பஸ்ஸில் ஏற்றுவதற்கு முன்னால் கண் பரிசோதனை செய்தார்கள், தேறிவிட்டாள். அதை அவளே நம்பவில்லை. "எழுத்தெல்லாம் படிச்சிட்டேன். ஆனா வீட்ல தெரிய மாட்டேங்குதே" என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. கடைசியாக அவள் டவுன் பஸ் ஓட்டிய அன்று நானும் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். இறங்கிய பிறகு கேட்டேன்.

"அந்தத் திருப்பத்துல ஒரு குழந்தை ஓடி வந்துச்சே, பாக்கலையா?"

"எந்தக் குழந்தை?"

"மயிரிழையில தப்பிச்சுது. போகட்டும் விடு."

அங்கே குழந்தை எதுவும் இல்லை, டாக்டர். அவள் பஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் வேலையை விட்டுவிட்டாள். இப்போது என் கையைப் பிடிக்காமல் தெருவைக் கடப்பதில்லை. நல்ல கண்ணை வைத்துக்கொண்டு சுவரைத் தடவி நடக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

செய்தது நான்தான். வேறு யார் மேலும் பழியில்லை. ஆனால் இதை அவளிடம் சொல்ல முடியாது, உடைந்துபோவாள். அதனால் ஒரு உதவி செய்யுங்கள். ஏதாவது சொட்டு மருந்து எழுதிக் கொடுங்கள், வெறும் தண்ணீராக இருந்தாலும் சரி. நான் கண்ணாடியை ஒவ்வொன்றாக இளம் நிறத்துக்கு மாற்றிக்கொண்டு வருகிறேன். கண் தெளிகிறது என்று அவளே நம்பிவிடுவாள். அவசரம் இல்லை, மெதுவாகவே தெளியட்டும். மருந்தை நானே பக்கத்திலிருந்து விடுகிறேன். அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?